கதவைத் தட்டத் தெரிய வேண்டும்

எதிர்வீட்டுப் பெண் கேட்ட ஒரு கேள்விதான் இதை எழுத வைத்தது. "நீங்களும் சர்வீஸ்ல இதைத்தானே மாமா செஞ்சீங்க?"

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. முந்தின நாள் ராத்திரி ஏழரை மணிக்கு இரண்டு பையன்கள் பைக்கில் வந்திருக்கிறார்கள். மகளிர் குழுக் கடனில் ஒரு தவணை தவறியிருந்தது. கழுத்தில் அடையாள அட்டை. கேட்டைத் தள்ளிக்கொண்டு கூடம் வரை போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டிவியையும் ஃப்ரிட்ஜையும் செல்போனில் படம் எடுத்து, "கோர்ட்டுல ஜப்தி ஆர்டர் வாங்கியாச்சு" என்று சொல்லியிருக்கிறார்கள். புருஷன் திருப்பூரில் வேலை. பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கிக் கொடுத்த பிறகுதான் எழுந்து போனார்களாம். மறுநாள் காலை என்னிடம் வந்து, அந்த ஆர்டரை நிறுத்த முடியுமா என்று விசாரித்தவள், பேச்சோடு பேச்சாக இதையும் கேட்டாள்.

இல்லை அம்மா. நாங்கள் இதைச் செய்யவில்லை. இதற்கு நேர் எதிரானதைச் செய்தோம்.

1984ல் தஞ்சைப் பக்கம் ஒரு முன்சீப் கோர்ட்டில் சேர்ந்தேன். கோர்ட் வாரண்டை நிறைவேற்றும் அமீனாவாகவே இருந்து ஓய்வு பெற்றேன். ஜப்தி வாரண்ட், சுவாதீன வாரண்ட், கைது வாரண்ட் மூன்றும் கொண்டு போயிருக்கிறேன். நிறைவேற்று மனு (இ.பி.) போட்டு, நோட்டீஸ் சார்வாகி, ஆட்சேபம் கேட்டு, பேட்டா கட்டி, அதற்குப் பிறகுதான் வாரண்ட் என் கைக்கு வரும். நீதிபதியின் கையெழுத்து இருக்கும், கோர்ட் முத்திரை இருக்கும், இந்தத் தேதிக்குள் நிறைவேற்ற வேண்டும் என்ற கெடு இருக்கும். முடித்தால் எப்படி முடித்தேன் என்றும், முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்றும் அதன் முதுகிலேயே எழுதி ரிட்டர்ன் செய்ய வேண்டும். எழுதியதில் சந்தேகம் வந்தால் கூண்டில் ஏற்றி விசாரிப்பார்கள். அப்படி ஒரு காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தும் ஒரு வீட்டு வாசலில் நிற்கும்போது எங்களுக்கு இருந்த தயக்கம், வெறும் அட்டையை மாட்டிக்கொண்டு வரும் இந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தத் தயக்கத்தைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908, பிரிவு 62. அசையும் பொருளை ஜப்தி செய்ய வருகிறவன் சூரியன் அஸ்தமித்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் குடியிருக்கும் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளிக்கதவை உடைக்கக் கூடாது. அந்த வீட்டில் கடனாளியே குடியிருந்து, அவனே உள்ளே விட மறுத்தால் மட்டும்தான் உடைக்கலாம். முறைப்படி உள்ளே போய்விட்டால், பொருள் இருப்பதாக நம்பக் காரணமுள்ள அறையின் கதவைத் திறக்கலாம். வெளியார் முன் வராத வழக்கமுள்ள பெண் அந்த அறையில் இருந்தால், அவர் எழுந்து போக அவகாசமும் வசதியும் தர வேண்டும். வெளிக்கதவு விஷயம் இங்கிலாந்தில் 1604ல் தீர்ப்பான செமெய்ன் வழக்கிலிருந்தே வரும் மரபு என்று ஒரு வக்கீல் எனக்குச் சொன்னார். அங்கே கடனுக்காக வெளிக்கதவை உடைக்கவே கூடாது என்றார்கள். நம் சட்டம் கடனாளி மறிக்கும்போது மட்டும் ஒரு வழி விட்டது.

படித்தால் நாலு வரி. வாசலில் போய் நின்றால்தான் சிக்கல் தெரியும். எது வெளிக்கதவு? யார் குடியிருக்கிறார்கள்? எது மறுப்பு?

இந்த மூன்றையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் கோர்ட்டின் சீனியர் அமீனா. கிராம முன்சீப்பும் கர்ணமும் இருந்த காலத்திலேயே சர்வீஸுக்கு வந்தவர். 1980ல் அந்தப் பதவிகளை எடுத்த பிறகும், ஊருக்குள் போனால் முதலில் பழைய கர்ணம் வீட்டைத்தான் விசாரிப்பார். எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார் என்பது அங்கேதான் தெரியும் என்பார். ஒல்லியான மனிதர், வெற்றிலை போடுவார், ஆனால் வாரண்ட் கையில் இருக்கும் நாளில் போட மாட்டார். பையில் பாம்புப் பஞ்சாங்கம் எப்போதும் இருக்கும். நல்ல நேரம் பார்க்க இல்லை, அஸ்தமன நேரம் பார்க்க. கார்த்திகை மாதம் எங்கள் பக்கம் ஐந்தே முக்காலுக்கே சூரியன் விழுந்துவிடும், ஆனியில் ஆறு நாற்பது வரை இருக்கும். 'ஆறு மணி' என்று பொதுவாகச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஒருமுறை பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. டிகிரிதாரரின், அதாவது தீர்ப்பு வாங்கியவரின், குமாஸ்தா, உள்ளே வந்தாயிற்றே, முடித்துவிடலாம் என்றார். சட்டம் நுழைவதைத்தானே தடுக்கிறது, இருப்பதைத் தடுக்கவில்லையே என்று நானும் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. எடுத்த வரைக்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மறுநாள் விடிந்த பிறகு போய் முடித்தோம். விளக்கேற்றும் நேரத்தில் ஒரு வீட்டில் நாம் இருக்கக் கூடாது என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார்.

திண்ணையில் உட்கார விட மாட்டார். உட்கார்ந்தால் மோர் கொடுப்பார்கள், குடித்தால் விருந்தாளி ஆகிவிடுவாய், அப்புறம் உனக்கு ஜப்தி என்ற சொல்லே வாயில் வராது என்பார். தெருவில் நின்றபடி, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, 'ஐயா' போட்டு, வாரண்டை எடுத்துத் தொகையைப் படிப்பார். தெருவே கேட்கும்படி கத்த மாட்டார். வாசலில் நிற்பவருக்குக் கேட்டால் போதும். அதன் பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் பல வாரண்டுகள் பணமாக மாறின. முழுதும் இல்லாவிட்டாலும் ஒரு பகுதி வரும், மிச்சத்துக்குத் தவணை கேட்டு வக்கீலிடம் ஓடுவார்கள். கதவு அப்படியே இருக்கும்.

அவரிடம் நான் பார்த்ததில் மிகக் கடினமான வேலை ஒரு நெல் வியாபாரியின் வீடு. பழைய காலத்துத் தெரு வீடு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாங்கட்டு, கொல்லை. தெருப்பக்கம் வியாபாரி இருந்தார். இரண்டாங்கட்டில் அவர் அண்ணன் குடும்பம், தனிச் சமையல், தனிக் கதவு. நாங்கள் போனபோது வியாபாரி வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு உள்ளிருந்தே போங்கள் என்றார். கூட வந்த டிகிரிதாரர் தரப்புக் குமாஸ்தாவுக்கு மகிழ்ச்சி. மறுத்துவிட்டார், உடையுங்கள் என்றார். ஆசாரியையும் கூட்டி வந்திருந்தார். அது மட்டுமில்லை, பித்தளைச் சாமானெல்லாம் காலையிலேயே அண்ணன் கட்டுக்குப் போய்விட்டது, கொல்லைப்பக்கம் திறந்திருக்கிறது, அப்படியே போய்விடலாம் என்று வழியும் காட்டினார்.

சீனியர் அசையவில்லை. கொல்லைக் கதவும் வெளிக்கதவுதான், அந்தக் கட்டில் குடியிருப்பவர் கடனாளி இல்லை, அங்கே பொருள் இருந்தாலும் அவர் சம்மதம் இல்லாமல் கால் வைக்க முடியாது என்றார். அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார். அண்ணன் முடியாது என்றார். அவர் உரிமை அது. அதை எழுதிக்கொண்டார். தெருப்பக்கக் கதவுக்கு வந்தார். சட்டப்படி உடைத்திருக்கலாம். உடைக்கவில்லை. இன்னொரு முறை தொகையைப் படித்தார். உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. யார் யார் உள்ளே இருக்கிறீர்கள் என்று கேட்டு, பெண்கள் பின்கட்டுக்குப் போக நேரம் தருகிறேன் என்றார். கால் மணி நேரம் தெருவில் வெயிலில் நின்றோம். தாழ்ப்பாள் திறந்தது.

அன்று எடுத்த பட்டியல் எனக்கு இன்னும் மனப்பாடம். இரும்புப் பெட்டி, எடைத் தராசு, பரணில் இருந்த கல்யாண அண்டாக்கள், ஊஞ்சல் பலகை, அதன் சங்கிலி. சமையல் பாத்திரம், படுக்கை, கட்டியிருக்கும் துணி ஆகியவற்றைப் பிரிவு 60 விலக்கிவிடுகிறது. எத்தனை பேர் சாப்பிடுகிற வீடு என்று எண்ணி, அந்த அளவுக்குப் பாத்திரத்தைத் தானே ஒதுக்கி வைத்தார். அண்டாவும் பாத்திரம்தானே என்று வியாபாரி வாதாடினார். தினம் சோறு வடிக்கிற பானை வேறு, வருஷத்துக்கு ஒருமுறை இறங்குகிற அண்டா வேறு என்று சொல்லிவிட்டு, அவருடைய ஆட்சேபத்தையும் அவர் சொன்ன சொல்லிலேயே ரிட்டர்னில் எழுதினார். தீர்மானிக்க முன்சீப் இருக்கிறார், நடந்ததை எழுதத்தான் நாம் என்பார். கணக்குப் புத்தகங்களைத் தொடவில்லை, அவையும் விலக்கு. வியாபாரியின் மனைவி கூடத்துக்கு வந்தபோது சீனியர் தலையைக் குனிந்துகொண்டார். மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகையை ஜப்தி செய்ய முடியாது. அதனால் கழுத்தைப் பார்க்கவே பார்க்காதே, பார்த்தால் அவர்கள் பயப்படுவார்கள் என்று எனக்கு முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தார்.

கைவினைஞரின் கருவி, விவசாயியின் ஏர், அவன் பிழைப்புக்கு வேண்டிய மாடு, விதை நெல், அவன் குடியிருக்கும் வீடு, கூலிக்காரரின் கூலி, இவையும் விலக்குதான். பணக் கடனுக்கான தீர்ப்பாணையில் பெண்ணைக் கைது செய்ய முடியாது, பிரிவு 56. ஆணைக் கைது செய்வதற்கும் வெறும் ஏழ்மை போதாது. பணம் இருந்தும் கெட்ட எண்ணத்தோடு கட்டாமல் இருக்க வேண்டும் என்று 1980ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இவ்வளவு வேலியும் யாருக்குப் போட்டது? தீர்ப்பு வாங்கி, முத்திரையோடு வருகிற அமீனாவுக்கு.

தீர்ப்பே இல்லாமல் வருகிறவனுக்கு வேலியே வேண்டியதில்லை, ஏனென்றால் அவனுக்கு உள்ளே வர உரிமையே கிடையாது. வசூல் ஏஜெண்ட் வாசலில் நின்று கேட்கலாம். அவ்வளவுதான். வீட்டுக்காரர் கூப்பிடாமல் உள்ளே வந்தாலோ, போகச் சொன்ன பிறகும் மிரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலோ அது அத்துமீறல். பாரதிய நியாய சன்ஹிதா 329வது பிரிவில் வீட்டுக்குள் அத்துமீறியதற்கு ஓராண்டு வரை சிறை உண்டு. எதிர்வீட்டில் நடந்தது இன்னும் மோசம். குழுக் கடனுக்கென்றே ரிசர்வ் வங்கி 2022ல் தனி விதி போட்டிருக்கிறது. இரு தரப்பும் பேசி முடிவு செய்த பொது இடத்தில்தான் வசூல். அங்கே அடுத்தடுத்து இரண்டு முறையாவது கடனாளி வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன்கூடச் செய்யக் கூடாது. கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று பொய் சொல்லி ஏமாற்றக் கூடாது. ஒரே ஒரு தவணை தவறியதற்கு ஏழரை மணிக்கு வந்து, இல்லாத கோர்ட் ஆர்டரைச் சொன்ன அந்தப் பையன்கள் இதில் எதை விட்டு வைத்தார்கள்? வங்கிகளின் மற்றக் கடன்களுக்குக் காலை 8 முதல் இரவு 7 வரை என்று அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொரு சுற்றறிக்கை வந்தது. வசூலுக்கு முரடர்களை ஏவாதீர்கள், சட்டப்படி போங்கள் என்று 2007லேயே உச்ச நீதிமன்றம் வங்கிகளைக் கண்டித்திருக்கிறது. வீட்டையே அடமானம் வைத்த கடன் என்றாலும் 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வேண்டும், சுவாதீனம் எடுத்தால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

கந்துவட்டித் தடைச் சட்டம் இங்கே 2003லேயே வந்தது. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பம், இரண்டு சின்னக் குழந்தைகளோடு, தீக்குளித்தது அதற்கெல்லாம் பிறகுதான். 2025ல் கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாடு இன்னொரு சட்டம் போட்டது. சட்டத்துக்குப் பஞ்சமில்லை. வாசலில் நிற்பவனுக்கு அது தெரிவதில்லை, உள்ளே இருப்பவருக்கும் தெரிவதில்லை.

வங்கி ஏஜெண்டுகளுக்கு நூறு மணி நேரப் பயிற்சி, பரீட்சை, சான்றிதழ் எல்லாம் உண்டு என்கிறார்கள். இருக்கட்டும். ஒரு வீட்டு வாசலில் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதை எந்த மணி நேரத்தில் சொல்லித் தருகிறார்கள்? எங்கள் ஆட்களையும் நான் விட மாட்டேன். எனக்குப் பின் வந்தவர்களில் சிலர் டீக்கடையில் உட்கார்ந்தே 'கதவு பூட்டியிருந்தது' என்று ரிட்டர்ன் எழுதுகிறார்கள். உடனே டிகிரிதாரர் பூட்டை உடைக்க ஒரு மனு, போலீஸ் உதவிக்கு ஒரு மனு போடுகிறார். தெருவில் கால் மணி நேரம் நின்றிருந்தால் திறந்திருக்கக்கூடிய கதவுக்குக் கடப்பாரையும் காக்கிச் சட்டையும் வருகின்றன. அவர்களில் ஒரு பையனிடம் அஸ்தமனம் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். செல்போனைப் பார்த்துச் சொன்னான். பார்த்தானே, அது போதும், ஆனால் நான் கேட்ட பிறகுதான் பார்த்தான்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு நான் சொன்னது இதுதான். அடுத்த முறை வந்தால் கிரில்லைப் பூட்டிக்கொண்டு உள்ளிருந்தே பேசு. பேர், கம்பெனி, அதிகாரக் கடிதம் கேள். கோர்ட் ஆர்டர் என்றால் நம்பர் கேள், முத்திரையைக் காட்டச் சொல். கடனைக் கட்டு, ஆனால் பேசி வைத்த வசூல் இடத்தில் கட்டு, ரசீது வாங்கு. உள்ளே வந்தால் 100க்கு அடி. கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடு, முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மனுக்கு எழுது. எழுதுவதற்கு நான் இருக்கிறேன். புகாரின் முதல் படியை அன்றைக்கே என் கையால் எழுதிக் கொடுத்தேன், வந்த நேரம், போன நேரம், அவர்கள் சொன்ன சொல், உட்கார்ந்த இடம் எல்லாம் சேர்த்து. ரிட்டர்ன் எழுதுகிற மாதிரியே எழுதினேன்.