வாசற்படியின் உயரம்

வருடத் தொடக்கத்தில் ஏதாவது ஓர் உறுதிமொழியை எடுத்துக்கொண்டு பங்குனிக்குள் அதை மறந்துவிடும் வழக்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. 2024 ஜனவரியில் எடுத்துக்கொண்டதை மட்டும் மறக்க முடியாமல் போனது. அதை நான்கு நண்பர்கள் முன்னிலையில் ஓர் எண்ணாக எழுதிக் கொடுத்துவிட்டதே காரணம்.

நாங்கள் ஐந்து பேர். புத்தகங்கள் வழியாக அறிமுகமாகி, நடுவயதுக்கு மேல் சைக்கிள் பைத்தியம் பிடித்து இன்னும் நெருக்கமானவர்கள். எங்களுக்குள் ஒரு விளையாட்டு இருந்தது. தூரம், வேகம் எதுவும் கணக்கில்லை. ஆண்டு முழுவதும் சைக்கிளில் ஏறிய உயரத்தை மட்டும் மீட்டரில் கூட்டிக்கொண்டே வரவேண்டும். அவரவர் இலக்கை அவரவரே வைத்துக்கொள்ளலாம். டிசம்பர் 31-க்குள் எட்டாதவர் மற்ற நால்வருக்கும் ஆளுக்கொரு புத்தகம் வாங்கி அனுப்பவேண்டும். தண்டனை என்று சொன்னாலும் தோற்றவர்கள் யாரும் வருந்தி நான் பார்த்ததில்லை.

சேலத்து நண்பர் 50,000 மீட்டர் என்றார். ஞாயிறுதோறும் ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்குகிறவர் அவர். கொல்லிமலையின் எழுபது வளைவுகளில் மோகம் கொண்ட நாமக்கல் நண்பர் 40,000 என்றார். சூரிக்கில் வாழும் யாழ்ப்பாணத்து நண்பருக்கு வீட்டு வாசலிலிருந்தே மலை தொடங்குகிறது. கோவை நண்பரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நான் வேதாரண்யத்துக்காரன். என் அன்றாடப் பாதை வேதாரண்யத்திலிருந்து அகஸ்தியம்பள்ளி, கோடிக்காடு வழியாகக் கோடியக்கரை வரை செல்லும் பத்துப் பதினொரு கிலோமீட்டர். ஒரு பக்கம் உப்பளம், பிறகு காடு, முடிவில் கடல். “கடைமடைக்குச் சலுகை” என்று சொல்லி எனக்கு 3,000 மீட்டர் என்று அவர்களே நிர்ணயித்தார்கள்.

கோடியக்கரையில் நிலத்தின் மிக உயர்ந்த இடம் இராமர் பாதம். காட்டுக்குள் இருக்கும் ஒரு மணல்மேடு. மேலே ஒரு சிறு மண்டபத்தில் கல்லில் பாதச் சுவடுகள். இராமன் இங்கே நின்று இலங்கையைப் பார்த்தான் என்பது நம்பிக்கை. மேட்டின் உயரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 4 மீட்டர்.

ஒரே ஏற்றத்தில் திரும்பத் திரும்ப ஏறி இறங்கி எவரெஸ்ட்டின் உயரத்தை எட்டும் சாகசம் ஒன்று சைக்கிள்காரர்களிடையே உண்டு. 1924-இல் எவரெஸ்ட்டில் மறைந்த ஜார்ஜ் மாலரியின் பேரன், தாத்தாவின் பெயரையே கொண்டவர், 1994-இல் ஆஸ்திரேலியாவின் டோனா புவாங் மலையில் அதைச் செய்தார். நாமக்கல் நண்பர் எனக்காக ஒரு கணக்குப் போட்டு அனுப்பினார். எவரெஸ்ட் 8,849 மீட்டர், இராமர் பாதம் 4 மீட்டர், ஆகவே 2,213 முறை. மணலில் சைக்கிள் ஓடாது என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

நான் பணி ஓய்வு பெற்றவன். வீட்டு வேலைகளை முடித்துவிட்டுப் பத்து மணிவாக்கில் புறப்படுவேன். கோடியக்கரையில் குழகர் கோயில் பக்கம் நிழலில் உட்கார்ந்து வாசிப்பேன். நாலு மணிக்கு வீடு திரும்புவேன். வெயிலில் எதற்கு இந்த வேலை என்ற என் மனைவியின் கேள்விக்கு இன்றுவரை நல்ல பதில் இல்லை. சைக்கிளின் கைப்பிடியில் பொருத்திய சிறு கருவி ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் ஏறிய உயரத்தைச் சொல்லும். 22, 27, 25, 29 என்று எண்கள் வந்தன. வாய்க்கால் பாலங்களின் முதுகும் சாலையின் சிறு மேடுகளும் சேர்ந்தால் இவ்வளவு வருமோ என்று எண்ணிக்கொண்டேன். மகிழ்ச்சி தரும் எண்களை நாம் ஆராய்வதில்லை.

நவம்பர் கடைசி வாரம். பின்னர் ஃபெஞ்சல் என்று பெயர் பெற்ற புயல் அப்போது வங்கக் கடலில் தாழ்வு மண்டலமாகத் திரண்டுகொண்டிருந்தது. வானம் மூடியிருந்தது, காற்று இன்னும் எழவில்லை. மழைக்கு முன் ஒருமுறை போய்வந்துவிடலாம் என்று கிளம்பினேன். திரும்பி வந்து பார்த்தபோது கருவி 52 மீட்டர் காட்டியது. ஆண்டின் மொத்தம் 3,011. ஒரு மாதம் மீதமிருக்க, கடைமடைக்காரன் இலக்கைத் தாண்டிவிட்டான்.

நண்பர்களுக்குப் பெருமையுடன் எழுதத் தொடங்கும்போதுதான் அந்தப் பயணத்தின் உயர வரைபடம் கண்ணில் பட்டது. காலையில் புறப்பட்டபோது என் வீட்டு வாசல் 3 மீட்டர் உயரத்தில் இருந்தது. மாலையில் அதே வாசலில் வந்து இறங்கியபோது 49 மீட்டர். நான் இல்லாத ஆறு மணி நேரத்தில் எங்கள் தெரு ஒரு குன்றின் மேல் ஏறியிருந்தது.

இந்த வகைக் கருவிக்கு உயரம் என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் காற்றழுத்தம்தான். மேலே போகப்போக அழுத்தம் குறையும். கடல்மட்டத்துக்கு அருகே ஒரு மில்லிபார் குறைந்தால் எட்டு மீட்டருக்குச் சற்று மேல் ஏறியதாக அது கணக்கிட்டுக்கொள்கிறது. ஆனால் நின்ற இடத்திலேயே அழுத்தம் குறைந்தாலும் அதற்கு அது ஏற்றம்தான். தாழ்வு மண்டலம் நெருங்கும்போது கரையெங்கும் அழுத்தம் இறங்கும். என் கருவி அதை மலை என்று எழுதிவைத்தது.

அன்றைக்கு மட்டும் என்றால் 52-ஐ அடித்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். பழைய பயணங்களையும் திறந்து பார்த்தேன். எல்லா நாளும் வாசல் இருபது, இருபத்தைந்து மீட்டர் உயர்ந்திருந்தது. சூரிய வெப்பத்தால் வளிமண்டலத்தில் நாளுக்கு இருமுறை ஓர் அலை எழுந்து விழுகிறது. நம்மைப் போன்ற வெப்பமண்டல நாடுகளில் காலை பத்து மணியளவில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். மாலை நாலு மணியளவில் ஏறத்தாழ மூன்று மில்லிபார் தாழ்ந்திருக்கும். மூன்று மில்லிபார் என்றால் இருபத்தைந்து மீட்டர். பத்து மணிக்குக் கிளம்பி நாலு மணிக்குத் திரும்பும் என் பழக்கத்துக்கு ஏற்ப வானம் தினமும் ஒரு குன்றைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. அதிகாலையில் கிளம்பிப் பத்து மணிக்குத் திரும்புகிறவனாக நான் இருந்திருந்தால் அதே கருவி என்னைப் பள்ளத்தில் இறக்கியிருக்கும்.

கைபேசிச் செயலிகளைக் கேட்டால் என்ன என்று தோன்றியது. அவற்றில் பல, நிலத்தின் உயரத்தை வரைபடத்திலிருந்து எடுத்துக்கொள்கின்றன. அந்த வரைபடங்களில் பெரும்பகுதிக்கு ஆதாரம் 2000 பிப்ரவரியில் விண்கலம் ஒன்று ரேடாரால் எடுத்த அளவுகள். ரேடார் அடர்ந்த மரத்தலைகளையும் ஓரளவு தரையாக எண்ணிவிடும். கோடியக்கரைக் காட்டின் மரங்கள் பலவற்றை 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் சாய்த்துவிட்டது. விழுந்த மரங்களின் மேல் என் கைபேசி இன்னும் ஏறிக்கொண்டிருக்கக்கூடும்.

மூன்று நாள் மழை. வீட்டில் அடைந்து கிடந்து 112 பயணங்களையும் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். திரும்பி வந்தபோது வாசல் எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ அவ்வளவையும் கழித்துவிடுவது. எஞ்சியது 640 மீட்டர்.

இப்போது ஒரு சபலத்தைச் சொல்லவேண்டும். 640 என்று கண்ட இரவில் காற்றை நினைத்துக்கொண்டேன். எங்கள் பாதை தெற்கு நோக்கிப் போகிறது. ஆனி, ஆடியில் கச்சான் எதிரே வந்து நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். கார்த்திகை, மார்கழியில் போகும்போது சும்மா இருக்கும் வாடை, திரும்பும்போது பிடித்துக்கொள்ளும். சுந்தரர் இந்தக் கரைக்கு வந்தபோது அவர் கண்ணில் பட்டதும் இதுதான். கடற்காற்று கடுமையாக வந்து மோதும் இந்தக் கரையில் தனியாக இருக்கிறாயே, உனக்குத் துணை யார் என்று குழகரைக் கேட்டுப் பாடியிருக்கிறார்.

மணிக்கு 20 கிலோமீட்டர் எதிர்காற்றில் 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்க எவ்வளவு கூடுதல் பலம் வேண்டும் என்று கணக்கிட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் என் போன்றவனுக்கு அது நூறு மீட்டருக்கு இரண்டரை மீட்டர் ஏறும் சாலைக்குச் சமம். பத்துக் கிலோமீட்டருக்கு 250 மீட்டர். ஐம்பது நாள் அப்படி வீசியிருந்தால் 12,500. நான் எவரெஸ்ட்டைத் தாண்டியவன்! கால்வலி பொய் சொல்லாது என்று வாதமும் தயார் செய்துவிட்டேன். அப்போது அகஸ்தியம்பள்ளி உப்பளத்துப் பெரியவர் நினைவுக்கு வந்தார். ஆடிக் காற்றில் நான் மூச்சிரைத்து நின்றபோது, பின்னால் சாப்பாட்டுப் பை தொங்கும் பழைய சைக்கிளில் என்னைக் கடந்து போனவர். “குனிஞ்சு மிதிங்க சார், காத்துக்கு நெஞ்ச காட்டாதீங்க” என்றார். அவருக்கு ஆண்டிறுதிக் கூட்டல் எதுவும் இல்லை. வாதத்தைக் கைவிட்டேன்.

மழை விட்டபின் தலைஞாயிறு பக்கம் என் சித்தப்பா மகன் வீட்டுக்குப் போனேன். சம்பா வயலில் தண்ணீர் தேங்கி, வடிய வழியில்லாமல் நின்றது. அவன் வரப்பில் நின்று வடிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சு மாறட்டும் என்று என் கருவியின் கதையைச் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் கவனமாகக் கேட்டுவிட்டு, “அரை அங்குலம் காட்டுமாண்ணே?” என்றான்.

காட்டாது என்றேன்.

“அப்ப நமக்கு ஒதவாது. கோடையில தலைப்புல அரை அங்குலம் மேடு இருந்தா இந்தக் கொல்லைக்குத் தண்ணி ஏறாது. இப்ப வடிகால் வாயில அரை அங்குலம் மண்ணு மேவுனா தண்ணி எறங்காது. ரெண்டு நாள் போனா பயிர் அழுவிடும்.”

தஞ்சாவூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து எங்கள் கடற்கரை சுமார் நூறு கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 60 சென்டிமீட்டர் சரிவு. சைக்கிளில் போகிறவன் வாழ்நாள் முழுதும் அதை உணரமாட்டான். தண்ணீர் உணர்கிறது. கல்லணையிலிருந்து கடைமடை வரை நெல் விளைவது அந்தச் சரிவை நம்பித்தான். 2024-இல் மேட்டூர் வழக்கமான ஜூன் 12-இல் திறக்கவில்லை, ஜூலை 28-இல்தான் திறந்தது. வந்த தண்ணீருக்காகக் காத்திருந்தவன், இப்போது வந்த தண்ணீர் போவதற்காகக் காத்திருந்தான். இரண்டு காத்திருப்பும் அங்குலக் கணக்கில். மலைநாட்டு நண்பர்கள் ஆயிரங்களில் எண்ணுவதை நானும் எண்ண முயன்றிருக்கிறேன். உயரத்தை உண்மையிலேயே கணக்கு வைப்பவன் என் வீட்டிலேயே இருந்திருக்கிறான்.

எங்கள் வீட்டு வாசலில் மூன்று படிகள் உண்டு. 1977 நவம்பர் புயலுக்குப் பிறகு அப்பா தரையை உயர்த்திக் கட்டியது. தெருவில் வேறு வீடுகளுக்கு ஒரு படிதான். “மலையேறுற மாதிரி இருக்கே” என்று சிறுவயதில் நான் கேலி செய்திருக்கிறேன். அப்பா பதில் சொன்னதில்லை. அந்த மழையில் தெருத் தண்ணீர் இரண்டாம் படி வரை வந்து நின்றது.

டிசம்பர் 31 இரவு 640 என்று எழுதினேன். கூடவே முழுக் கதையையும் எழுதினேன். காற்றுக்குத் தனிக் கணக்கு வைக்கலாமே என்றார் சேலத்து நண்பர். வேண்டாம் என்றேன். சூரிக் நண்பர் தன் கருவியைப் பார்த்துவிட்டு, அவர் வாசலும் சில நாள் ஏறி இறங்குகிறது என்று இரண்டு நாள் கழித்து எழுதினார். நால்வருக்கும் புத்தகங்கள் அனுப்பிவிட்டேன்.

அடுத்த ஆண்டுக்கு என் இலக்காக 650 எழுதிக் கொடுத்தேன். பத்து மீட்டர் கூடுதல். நண்பர்கள் சிரித்தார்கள். சித்தப்பா மகனிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. பத்து மீட்டரா என்று புருவத்தை உயர்த்தினான்.