கணவாய்க்கு அந்தப் பக்கம் யாரும் காத்திருக்க வேண்டாம்

மலைப்பயணத் திட்டத்தில் முதலில் முடிவாக வேண்டியது ஊர் திரும்பும் டிக்கெட்தான் என்றார் எங்களில் வங்கியில் வேலை பார்ப்பவர். இப்போதே எடுத்தால் காட்மாண்டு விமானம் எவ்வளவு மலிவு என்று செல்போனைத் திருப்பிக் காட்டினார். மலிவுதான். அதன் கீழே பொடி எழுத்தில், தேதி மாற்றவோ பணம் திரும்பப் பெறவோ முடியாது என்றும் இருந்தது. இமயமலையில் ஆட்களைப் படுத்துவது பனியும் காற்றும் மட்டும் இல்லை, இந்தப் பொடி எழுத்தும்தான். நாளைக்குள் கணவாயைத் தாண்டாவிட்டால் விமானம் போய்விடும் என்ற எண்ணம் ஒருவர் தலைக்குள் ஏறிவிட்டால், எதிரே கருத்து வரும் மேகம் அவர் கண்ணில் படாது.

நாங்கள் போக நினைப்பது நேபாளத்தில் அன்னபூர்ணா மலைத்தொடரைச் சுற்றி வரும் பாதை. மர்ஸ்யாங்டி ஆற்றின் கரையோரமாக ஏறி, சாமே, பிசாங், மனாங் என்று ஊர் ஊராகக் கடந்து, 5416 மீட்டர் உயரத்தில் தோரோங் லா கணவாயைத் தாண்டினால் மறுபக்கம் இறங்குமிடம் முக்திநாத். வைணவர்களுக்கு அது 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம். நம் ஊர் யாத்திரிகர்கள் பொக்காராவிலிருந்து சின்ன விமானத்தில் ஜோம்சோம் போய், அங்கிருந்து ஜீப்பில் ஏறிவிடுகிறார்கள். நாங்கள் கோயிலின் முதுகுப்புறமிருந்து, மலை தாண்டி வரப் பார்க்கிறோம். அதுவும் குளிர்காலத்தில். ஏன் குளிர்காலம் என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். கூட்டம் இருக்காது, வானம் துடைத்துவிட்டது போல இருக்கும் என்று ஆளுக்கொரு பதில் சொன்னோம். உண்மையில், அப்போதுதான் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல லீவு கிடைக்கிறது.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதற்கு ஒத்திகை பார்க்கலாம் என்று நினைத்தால் பாதிதான் நடக்கும். கால்களுக்கு வழி இருக்கிறது. முதுகில் அரிசிப் பையைப் போட்டுக்கொண்டு அடுக்குமாடிப் படிகளை ஏறி இறங்கலாம், பர்வதமலைக்கும் வெள்ளியங்கிரிக்கும் போய்வரலாம். நுரையீரலுக்கு எந்த வழியும் இல்லை. நம் மாநிலத்தின் மிக உயரமான இடமான தொட்டபெட்டா 2637 மீட்டர். அன்னபூர்ணா பாதையில் சாமே என்ற ஊரே கிட்டத்தட்ட அந்த உயரத்தில் இருக்கிறது. அதாவது, நம்முடைய உச்சி முடியும் இடத்தில்தான் அங்கே விஷயமே ஆரம்பிக்கிறது. தோரோங் லாவில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் பாதிதான். போதாததற்கு, குளிர்காலத்தில் அந்த உயரத்தில் காற்றழுத்தம் கோடையைவிடக் குறைந்துவிடுகிறது. வரைபடத்தில் மலை அதே 5416 மீட்டர்தான். நுரையீரலுக்கு மட்டும் அது இன்னும் கொஞ்சம் வளர்ந்திருக்கும்.

இதற்கு வைத்தியம் மெதுவாக ஏறுவது ஒன்றுதான். 3000 மீட்டருக்கு மேலே போனபின், இன்று தூங்கும் இடம் நேற்று தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். எழுதிப் பார்க்க எளிமையான விதி. கடைப்பிடிக்க விடாமல் குறுக்கே நிற்பது சாலை. இப்போது 3540 மீட்டரில் இருக்கும் மனாங் வரை ஜீப் போகிறது. 760 மீட்டரில் இருக்கும் பேசிசஹரில் ஏறி உட்கார்ந்தால், பாதையில் பனி மூடாத பட்சத்தில், அன்று இரவே மனாங்கில் போய்ப் படுத்துவிடலாம். நாலைந்து நாள் மிச்சம். எங்கள் வங்கிக்காரருக்குக் கண்ணில் ஒளி வந்தது. உடம்பு அந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர்தான் அவரை அடக்கினார்.

டாக்டர் எங்கள் கோஷ்டியில் இருப்பது பெரிய பலம். அவர் மயக்க மருந்து நிபுணர். மனிதர்கள் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவருடைய தொழில். ஆனால் ஆக்சிமீட்டர் கொண்டு வரலாமா என்று கேட்டபோது அவர் காட்டிய தயக்கம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கொண்டு வரலாம், எண்களை யாரும் சத்தம் போட்டுச் சொல்லக்கூடாது என்றார். இரவு சாப்பாட்டு மேஜையில் ஒருவருக்கு 88, இன்னொருவருக்கு 81 என்று வந்தால் அது உடனே மார்க் ஷீட் ஆகிவிடுமாம். குறைந்த எண் வந்தவர் மறுநாள் தலைவலியை மறைப்பார். டாக்டருக்கு எண்ணைவிட முக்கியமானவை நான்கு கேள்விகள்: தலை வலிக்கிறதா, சாப்பாடு இறங்குகிறதா, அசதி எப்படி, தலை சுற்றுகிறதா. சந்தேகம் வந்தால் ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல் நுனியோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்வார். தள்ளாடினால் மூளையில் நீர் கோத்துக்கொள்கிறது என்று பொருள். நடுராத்திரி ஆனாலும் கீழே இறங்கியாக வேண்டும்.

முன்தடுப்புக்கு டயாமாக்ஸ் மாத்திரை, 125 மில்லிகிராம், காலையும் மாலையும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விரல் நுனிகளில் எறும்பு ஊறுவது போலிருக்கும்; அடிக்கடி சிறுநீர் வரும். மைனஸ் பதினைந்து டிகிரியில், கழிப்பறை வாளி பாறையாக உறைந்து கிடக்கும் விடுதியில், இரவு மூன்று முறை எழுந்து போவதை யோசித்துப் பார்த்துவிட்டு ஒருவர், தலைவலியே பரவாயில்லை போலிருக்கே என்றார்.

மனாங்கில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்தும் மருத்துவ முகாம் ஒன்று உண்டு. ஆனால் அது கூட்டம் வரும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும்தான் இயங்குகிறது. குளிர்காலத்தில் மனாங்வாசிகளே பலர் கீழே காட்மாண்டு பக்கம் இறங்கிவிடுவார்கள். விடுதிகள் வரிசையாகப் பூட்டிக் கிடக்கும். 4880 மீட்டரில் உள்ள ஹை கேம்ப் மூடியிருந்தால் அதற்குக் கீழே உள்ள தோரோங் பேடியில் தங்கித்தான் புறப்பட வேண்டும். அப்போது ஒரே நாளில் சுமார் 900 மீட்டர் ஏறி, 1600 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டியிருக்கும். கணவாயில் முற்பகலிலேயே காற்று பிடித்துக்கொள்ளும் என்பதால் விடியும் முன்பே கிளம்பியாக வேண்டும். பகல் வெளிச்சமோ பத்தரை மணி நேரம்தான்.

எந்த மாதம் என்பதில் இன்னொரு இழுபறி. பொங்கல் லீவை ஒட்டிப் போகலாம் என்று பலருக்கும் ஆசை. ஆனால் ஜனவரி, பிப்ரவரியில் மேற்கிலிருந்து வரும் காற்றலைகள் அந்தப் பக்கம் பனியைக் கொட்டும். டிசம்பர் முன்பாதி பெரும்பாலும் வறண்டிருக்கும். குளிர் கடுமையாக இருந்தாலும் பாதை திறந்திருக்க வாய்ப்பு அதிகம். வாய்ப்பு, அவ்வளவுதான். 2014 அக்டோபரில், நல்ல சீசனின் நடுவில், இதே கணவாயில் நடந்ததை மறக்க முடியாது. 12ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலின் மிச்சம் 14ஆம் தேதி இமயமலையில் பனிப்புயலாகக் கொட்டியது. அந்த வட்டாரத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். வங்கக் கடலில் உருவாகும் புயலின் பாதையைத் தொலைக்காட்சியில் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கோடு ஆந்திராவோடு முடிந்துவிடுவதில்லை.

ஆகவே எங்கள் திட்டத்தில் நான் பிடிவாதமாகச் சேர்த்தது காலி நாட்கள். மனாங்கில் சில, மேலே சில. அன்று என்ன செய்வோம் என்று வங்கிக்காரர் கேட்டார். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சீட்டு ஆடுவோம் என்றேன். சம்பளமில்லா விடுப்பு போட்டு, நேபாளத்துக்குப் போய், சீட்டு ஆடுவதா? ஆமாம். காலி நாள் இல்லாத குளிர்காலத் திட்டத்தில் வானிலைக்குப் பேச்சுரிமை இல்லை. கடைசியில் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டை, கூடுதல் பணம் கொடுத்து எடுத்தோம். அவர் அதைச் செலவு என்ற பத்தியில் எழுதாமல் இன்ஷூரன்ஸ் என்ற பத்தியில் எழுதி மனதைத் தேற்றிக்கொண்டார். உண்மையான இன்ஷூரன்ஸ் எடுக்கும்போதும் அவர் கண்தான் உதவியது. பாலிசியின் உள்பக்கத்தில், எத்தனை மீட்டர் வரை செல்லும் என்ற வரியைத் தேடிப் பிடித்தவர் அவரே. ஹெலிகாப்டர் மீட்பு உண்டு என்று முகப்பில் போட்டுவிட்டு, உள்ளே கணவாய்க்கு வெகு கீழேயே உயர வரம்பு வைத்திருந்த பாலிசி ஒன்றை அப்படித்தான் தள்ளினோம்.

சாமான் பட்டியலைப் பற்றி நிறைய எழுத விருப்பமில்லை; கடைக்காரர்களே அதைப் போதுமான அளவுக்குச் சொல்கிறார்கள். ஒன்றிரண்டு மட்டும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகச் செருகி வைக்க வேண்டும். பனி மேல்மட்டத்தில்தான் முதலில் கட்டும், அப்படி வைத்தால் மூடிப்பக்கம் அடைக்காது. பேட்டரிகளும் ஈரக் காலுறைகளும் இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் நம்மோடு படுக்கும். உடம்பை ஒட்டிப் பருத்தி வேண்டாம். வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு, நின்ற மாத்திரத்தில் விறைக்கும். சாப்பாட்டில் எங்கள் ஆசைகள் அளவுக்கு மீறி இருந்தன. மனாங்கில் தண்ணீர் 88 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் சோறு வேக வெகு நேரமாகும். எனவே அவர்கள் தரும் பருப்பும் சோறும்தான் பிழைப்பு, பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் நம் பங்கு. நல்லெண்ணெய் குளிரில் எப்படி இருக்கும் என்று சோதிக்க ஒருவர் பாட்டிலை ஃப்ரீசரில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கூட வருபவர்களைத் தேர்ந்தெடுப்பதுதான் எல்லாவற்றிலும் சிரமம். மாரத்தான் ஓடும் ஒருவரை மென்மையாகக் கழற்றிவிட்டோம். உடம்பில் குறையில்லை; தனக்கு ஒன்றும் ஆகாது என்று அவர் சொன்ன விதம் டாக்டருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு ஆப்ஸ்லி செர்ரி-கரார்டின் நினைவு வந்தது. 1911இல் அன்டார்டிகாவின் குளிர்கால இருட்டில், எம்பரர் பெங்குவின் முட்டைகளைத் தேடி வில்சன், பவர்ஸ் என்ற இருவரோடு போனவர். பல்லே உடைந்து தெறிக்கும் குளிர். அந்தப் பயணத்தை எழுதும்போது, அந்த நிலையிலும் தாங்கள் ஒருவருக்கொருவர் தயவுசெய்து, நன்றி என்று சொல்லத் தவறவில்லை என்பதைக் குறிப்பிடுகிறார். தன் தலைவலியை வெட்கமில்லாமல் சொல்பவரும், அடுத்தவர் தலைவலிக்காக முகம் சுளிக்காமல் நிற்பவரும்தான் எங்களுக்குத் தேவை. மேலே போக எல்லோரும் சம்மதிக்க வேண்டும், திரும்ப ஒருவர் சொன்னால் போதும் என்று விதி வைத்தோம்.

இதில் கைடுக்கும் போர்ட்டர்களுக்கும் ஓட்டு உண்டா? உண்டு என்றோம். ஆனால் சொன்னால் மட்டும் ஆகிவிடாது. 2023 ஏப்ரலிலிருந்து நேபாளத்தில் இதுபோன்ற மலைப்பாதைகளில் வெளிநாட்டவருக்குக் கைடு கட்டாயம். நம்மைவிட மலை தெரிந்தவர் நம் பக்கத்திலேயே நடப்பார். ஆனால் பணம் கொடுப்பவரிடம் வேண்டாம் என்று சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்? கணவாய் தாண்டினால் டிப்ஸ் பெரிதாக இருக்கும் என்பது அவருக்கும் தெரியும். எங்களோடு வரும் கல்லூரி ஆசிரியைதான் வழி சொன்னார்: காலி நாட்களையும் சேர்த்து முழுக் கூலியை முன்பே பேசிவிடுவது, டிப்ஸை மனாங்கிலேயே கொடுத்துவிடுவது. அதன்பின் கைடு வானத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வது வானத்தைப் பற்றியதாக மட்டும் இருக்கும். போர்ட்டர்களின் பூட்ஸ், கையுறை, கறுப்புக் கண்ணாடி எல்லாவற்றையும் பேசிசஹரிலேயே கண்ணால் பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்பதும் ஆசிரியை சேர்த்ததுதான்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது வங்கிக்காரரின் அம்மா கிளம்பினார். “நீங்க நடந்து வாங்கோப்பா. நான் ஜீப்புல வந்து கோயில்ல காத்துண்டிருக்கேன். எறங்கி வந்ததும் சேர்ந்து சேவிக்கலாம்.” எழுபதைத் தாண்டியவர். திவ்ய தேசங்களில் அவருக்கு இது பெரிய பாக்கி. எல்லோருக்கும் மனம் இளகியது. டாக்டர் மட்டும் கையைக் கூப்பிக்கொண்டு, “அம்மா, அந்தப் பக்கம் நீங்க உக்காந்திருந்தா உங்க பையன் எந்தப் பனியிலயும் திரும்ப மாட்டார்” என்றார். அம்மாவுக்குக் கொஞ்சம் கோபம்தான்.

பிறகு திட்டத்தைத் திருப்பிப் போட்டோம். கணவாயைத் தாண்டினாலும், தாண்டாமல் வந்த வழியே இறங்கினாலும், எல்லோரும் பொக்காராவுக்கு வந்து சேர்வது. அங்கே அம்மாவோடு சேர்ந்துகொண்டு, வழியில் தங்கித் தங்கி ஜீப்பில் முக்திநாத் போவது. நடந்து தாண்டியிருந்தால் இரண்டாம் முறை சேவிப்போம், அவ்வளவுதான். அம்மா ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. கோயிலைச் சுற்றி 108 தாரைகளில் விழும் நீரில் எல்லோரும் தலை நனைக்க வேண்டும். டிசம்பரில், 3700 மீட்டருக்கு மேலே, கூடவே கூடாது என்கிறார் டாக்டர். ஒவ்வொரு தாரையிலும் ஒரு சொட்டு எடுத்துப் புரோட்சணம் செய்துகொண்டால் போதாதா என்று வங்கிக்காரர் பேரம் பேசிப் பார்த்தார். அம்மா இன்னும் இறங்கி வரவில்லை.