ஹேவும் ஹேடும்

ஆபீஸ்ல இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. அதனால ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கிற ஒரு இங்கிலீஷ் இலக்கண விஷயத்தை எழுதிடலாம்னு உட்கார்ந்தாச்சு. இலக்கணம்னதும் ஓடிடாதீங்க மக்களே, ரென் அண்ட் மார்ட்டினை எல்லாம் கையில எடுக்க மாட்டேன் :-)

எங்க டீமுக்குப் புதுசா வந்த பையன் கிளையண்டுக்கு ஒரு மெயில் போட்டான். "ஐ ஹேட் சென்ட் தி ஃபைல் எஸ்டர்டே". அந்தப் பக்கத்துல இருந்து ரெண்டே வார்த்தையில பதில்: "பிஃபோர் வாட்?" பையன் என்கிட்ட வந்து, "நேத்து அனுப்பினேன்னுதானே சொன்னேன், எதுக்கு முன்னாடின்னு கேக்கறாரேண்ணா"ன்னு முழிச்சான். நம்மூர்ல 'ஹேட்' போட்டா, 'அதெல்லாம் அப்பவே முடிஞ்சுபோச்சு'ங்கிற ஒரு அழுத்தம் கிடைக்குது. அந்த ஊர்க்காரங்க காதுக்கு அப்படி இல்லை. 'ஹேட்'னு சொன்னா இன்னொரு சம்பவமும் கூடவே வரணும். நான் ஏற்கெனவே அனுப்பியிருந்தேன், அதுக்கப்புறம்தான் சர்வர் படுத்துச்சு, இந்த மாதிரி. ரெண்டாவது சம்பவம் வரலைன்னா அவங்களுக்குக் கதை பாதியில நின்ன மாதிரி இருக்கும்.

இதை அழகா விளக்கினவர் ஹான்ஸ் ரைஷன்பாக்னு ஒரு ஜெர்மன் தத்துவவாதி. 1947ல வந்த, தர்க்கத்தைப் பத்தின ஒரு தடிப் புத்தகத்துல நடுவுல சில பக்கங்கள். வினைச்சொல்லைப் புரிஞ்சுக்க ஒரு நேரம் பத்தாது, மூணு வேணும்கிறார். பேசுற நேரம், சம்பவம் நடந்த நேரம், எங்கே நின்னுக்கிட்டு அதைப் பார்க்கறோம்கிற நேரம். நம்ம பாஷையில சொன்னா மூணு வேரியபிள். 'ஐ சென்ட்'ல சம்பவமும் பார்வையும் நேத்துலயே இருக்கு. 'ஐ ஹேட் சென்ட்'ல பார்வை நேத்து சாயங்காலத்துல நிக்குது, சம்பவம் அதுக்கும் முன்னாடி. 'ஐ ஹேவ் சென்ட்'ல சம்பவம் எப்பவோ, ஆனா நிக்கிற இடம் இப்போ. அதனாலதான் 'ஹேவ் சென்ட்' பக்கத்துல 'எஸ்டர்டே' போட்டா இடிக்குது.

பள்ளிக்கூடத்துல 12 கட்டம் போட்டு மனப்பாடம் பண்ண வெச்சாங்களே, அதுல இதெல்லாம் யாரும் சொல்லலை. இன்னொரு கூத்து, வினைச்சொல்லோட உருவத்தை மட்டும் பார்த்தா இங்கிலீஷ்ல ரெண்டே டென்ஸ்தான்னு பல இலக்கணக்காரங்க சொல்றாங்க. 'வில்' வந்து 'கேன்', 'மே' கோஷ்டியாம். 'தி ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோ'ன்னு நாளைக்கு நடக்கறதை நிகழ்காலத்துலயே சொல்லிடலாம். டேமேஜர் 'ஐ வாஸ் ஒண்டரிங்'னு ஆரம்பிச்சா அவர் பழசை அசைபோடலை, சனிக்கிழமை வரச் சொல்லப்போறார்னு அர்த்தம். அங்கே இறந்தகாலம் மரியாதைக்காகத் தள்ளி நிக்குது, அவ்வளவுதான்.

நாம மட்டும் என்னவாம்? இன்னும் குளிக்கவே இல்லை, போன்ல 'இதோ வந்துட்டேன் மச்சி'ங்கிறோம். அவசரத்துக்கு வரப்போறதை வந்த மாதிரி சொல்லலாம்னு தொல்காப்பியத்துலயே விதி இருக்கு, நன்னூல்லயும் இருக்கு. தைரியமா சொல்லுங்க.

இதெல்லாம் விளையாட்டா படிச்சதுதான். போன வருஷம் அப்பா தவறினதும், வேற ஊர்ல இருக்கிற டீம்காரர் ஒருத்தர், அப்பாவைப் பத்தி சொல்லேன்னு மெயில் அனுப்பியிருந்தார். அப்பா மின்வாரியத்துல லைன்மேன். வாழ்க்கை பூரா கம்பம் ஏறின மனுஷன், ஃப்ளைட்ல மட்டும் ஏறினதில்லை. கூட்டிட்டுப் போகணும்னு ரெண்டு பேரும் பேசி வெச்சிருந்தோம். இதை எழுத உட்கார்ந்தா கை தானா 'ஹி ஹேஸ் நெவர் ஃப்ளோன்'னு அடிக்குது. அவர் இருந்தவரைக்கும் நண்பர்கள்கிட்ட அப்படித்தானே சொல்லிக்கிட்டு இருந்தேன். ஆனா 'ஹேஸ்' போட்டா, இதுவரைக்கும் இல்லை, இனிமே போகலாம்னு ஒரு கதவு திறந்தே இருக்கு.

மொழியியல்ல இதுக்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1955ல ஐன்ஸ்டீன் இறந்துட்டார். அதனால 'ஐன்ஸ்டீன் ஹேஸ் விசிட்டட் பிரின்ஸ்டன்'னு சொன்னா இடிக்கும். அதையே திருப்பி, 'பிரின்ஸ்டன் ஹேஸ் பீன் விசிட்டட் பை ஐன்ஸ்டீன்'னா ஓரளவுக்கு சரி, ஊர் அங்கேயேதானே இருக்கு. ஆள் போயிட்டா 'ஹேஸ்' கூடாது. படிச்சப்போ சுவாரசியமா இருந்துச்சு.

தமிழ்ல இந்தத் தொல்லையே இல்லை. 'அப்பா ஃப்ளைட்ல போனதில்லை'. அவர் இருந்தப்பவும் இதே வாக்கியம்தான், இப்பவும் இதேதான். ஒரு எழுத்து மாத்த வேண்டாம்.

ரொம்ப நேரம் கர்சரையே பார்த்துக்கிட்டு இருந்துட்டு, 'ஹி நெவர் ஃப்ளூ'ன்னு அடிச்சு அனுப்பினேன்.

போன வெள்ளிக்கிழமை ஊருக்குக் கிளம்பும்போது, வர்ற வழியில காய் எதுவும் வாங்கிட்டு வரட்டுமான்னு அம்மாவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "எதுனா வாங்கிட்டு வாப்பா. கத்திரிக்கா மட்டும் வேணாம், அப்பாவுக்குப் பிடிக்காது"ன்னாங்க.

சரிம்மான்னேன்.