இரண்டாவது கை

ஸ்வெட்டரின் இரண்டாவது கையைப் பின்னும்போதுதான் மனம் அடுத்த நூற்கண்டைத் தேடி அலையத் தொடங்குகிறது. முதல் கையில் எல்லாமே புதிது. எங்கே கூட்ட வேண்டும், எத்தனை சுற்றுக்குப் பின் கூட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டபடியே பின்னினேன். இரண்டாவதில் கணக்கு தெரிந்துவிட்டது. உழைப்பு மட்டும் மீதமிருக்கிறது.

இந்தக் கணக்கை எனக்குக் கற்றுத்தந்தவர் எலிசபெத் சிம்மர்மேன். 1971இல் வெளிவந்த அவரது 'நிட்டிங் விதவுட் டியர்ஸ்' என்னும் நூலில், உடற்பகுதியின் கண்ணிகளை நூறு விழுக்காடாக வைத்துக்கொண்டு மற்ற அளவுகளை அதிலிருந்தே பெறுகிறார். என் உடற்பகுதிக்கு 200 கண்ணிகள். மணிக்கட்டுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு, 40. மேற்கைக்கு மூன்றில் ஒரு பங்கு; 66 என்று வைத்துக்கொண்டேன். ஆகவே இரண்டிரண்டு கண்ணிகளாகப் பதின்மூன்று முறை கூட்ட வேண்டும். இரு கைகளும் முடிந்த பின்னரே அவற்றை உடலோடு ஒரே வட்ட ஊசியில் சேர்த்துத் தோள்பகுதியைப் பின்ன இயலும். இரண்டாவது கையைத் தாண்டிச் செல்லக் குறுக்குவழி கிடையாது.

தில்லியில் இது எனக்கு ஆறாவது குளிர்காலம். ஊசி பிடிக்கக் கற்றுத்தந்தவர் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் வசிக்கும் அல்மோராக்கார ஆன்ட்டி. மொட்டைமாடி வெயிலில் உட்கார்ந்து, பேச்சை நிறுத்தாமல், கையைப் பார்க்காமல் பின்னுவார். "அடுத்து என்ன பின்னப் போகிறாய், மகளே?" என்று சென்ற வாரம் கேட்டார். எளிய கேள்விதான். ஆனால் ஆய்வேட்டின் கடைசி இயலும் இரண்டாவது கையைப் போலவே பாதியில் நிற்கிறது. அதை அளித்துவிட்டால் அடுத்த குளிருக்கு நான் எந்த ஊரில் இருப்பேன் என்பது எனக்கே தெரியாது. முதுமுனைவர் ஆய்வுக்கு அனுப்பிய விண்ணப்பத்துக்கு இன்னும் மறுமொழி வரவில்லை.

மேசைமேல் இரு தெரிவுகள் கிடக்கின்றன. ஒன்று, கேபிள் முறுக்குகள் நிறைந்த அடர்பச்சைக் கம்பளி ஸ்வெட்டர். குளிர் 5 டிகிரிக்குக் கீழே இறங்கும் ஊரில்தான் அதற்குப் பொருளுண்டு. மற்றொன்று, கும்பகோணத்தில் பங்குனியில் பிறக்கவிருக்கும் தங்கையின் குழந்தைக்கு ஒரு பருத்திப் போர்வை. மார்கழியிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் அந்த ஊரில் கம்பளியைப் பரிசாகக் கொடுத்தால் அம்மா அதை அந்துருண்டை போட்டுப் பெட்டியில் பத்திரப்படுத்திவிடுவார்.

இழைகளும் ஒன்றுக்கொன்று இணங்காதவை. கம்பளியிழை இயல்பிலேயே சுருண்டது, இழுத்துவிட்டால் மீளும். தன் எடையில் 30 விழுக்காடு அளவுக்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொடுவதற்கு உலர்ந்தே இருக்கும். பின்னுபவரின் கையில் ஏற்படும் சிறு ஏற்றத்தாழ்வுகளைத் துவைத்து உலர்த்தும்போது தானே சமன்செய்துவிடும். பருத்திக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. மீளாது; தன் எடையிலேயே தொங்கும்; சீரற்ற ஒவ்வொரு கண்ணியையும் அப்படியே காட்டிக்கொடுக்கும். விரல்களும் விரைவில் வலிக்கும். கம்பளியில் பழகியவர்கள் பருத்தியைக் குறைசொல்வதில் நியாயமிருக்கிறது. ஆயினும் நம் ஊர் உடம்புக்கு அதுதான் ஒத்துவரும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

பச்சைக் கம்பளியை வாங்கினால் வடக்கிலேயே இருப்பேன் என்று பந்தயம் கட்டியதாகிறது. பருத்தி என்றால் ஊர் திரும்புவதாக ஒப்புக்கொண்டதாகிறது. இப்படி ஒரு நூற்கண்டின்மேல் எதிர்காலத்தை ஏற்றுவது மிகை என்று தெரிகிறது. ஆனாலும் கடையில் பச்சைக் கண்டைக் கையிலெடுத்து மூன்று முறை திரும்ப வைத்திருக்கிறேன். ஆன்ட்டியிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. திருமணமாகி மலையிலிருந்து இறங்கிய ஆண்டு, தானும் திரும்பிப் போய்விடுவோம் என்று நம்பித் தடித்த கம்பளியாகவே வாங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். நாற்பது ஆண்டுகளாகத் தில்லியில்தான் இருக்கிறார்.

குழந்தையோ என் விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருக்கப் போவதில்லை. நேற்றிரவு வெள்ளைப் பருத்தி நூலில் 24 கண்ணிகள் போட்டு, அளவு பார்க்க ஒரு சிறு சதுரம் பின்னினேன். துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். காய்ந்தபின் அளக்க வேண்டும். இரண்டாவது கையில் இன்னும் ஐந்து கூட்டல்கள் பாக்கி.