கடல் கடந்த மடல்: லிப்ஸ்டிக் குழாயிலிருந்து வரும் நாதம்

எடிசன் நகரின் ஓக் ட்ரீ சாலையைத் தெரியாத நியூஜெர்சித் தமிழர் இருக்க முடியாது. முருங்கைக்காய் முதல் பட்டுச் சேலை வரை கிடைக்கும் கடைத்தெரு அது. அங்கிருந்து கடற்கரைப் பக்கமாகக் காரை விட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ரெட் பேங்க் வந்துவிடும். ஜாஸ் மேதை கவுன்ட் பேஸி 1904-இல் பிறந்த ஊர். அங்குள்ள பெரிய அரங்கத்துக்கும் அவர் பெயர்தான். நம்மவர்கள் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. போகிறவர்களிலும், உலகின் மிக மலிவான, மிக விசித்திரமான எலெக்ட்ரிக் கிதார்கள் சில இந்த வட்டாரத்தில்தான் உருவாயின என்று அறிந்தவர்கள் குறைவு.

1947-இல் நேதன் டேனியல் என்பவர் இங்கே தொடங்கிய கம்பெனியின் பெயர் டேன்எலெக்ட்ரோ. நியூயார்க்கில் குடியேறிய லித்துவேனியக் குடும்பத்தின் பிள்ளை அவர். 1930-களில் எபிஃபோன் கம்பெனிக்கு ஆம்ப்ளிஃபையர் செய்து கொடுத்துத் தொழில் பழகியவர். சொந்தக் கம்பெனி வைத்ததும் சியர்ஸ் போன்ற அஞ்சல்வழி விற்பனைக் கடைகளுக்கு ஆம்ப்ளிஃபையர் செய்தார். 1954-இல் கிதாரில் இறங்கினார். கிராமத்துப் பையன் கேட்டலாகைப் பார்த்து அப்பாவிடம் அடம்பிடித்து வாங்கும் விலையில் கிதார் இருக்க வேண்டும் என்பதே சியர்ஸ் எதிர்பார்த்தது. டேனியலுக்கும் அதுதான் ஆசை. மரத்தச்சரின் கண்ணால் கிதாரைப் பார்க்காமல் மின்பொறியாளரின் கண்ணால் பார்த்தார். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்குவது பிக்கப் என்றால், உடம்புக்கு விலையுயர்ந்த மரம் எதற்கு?

ஆகவே மலிவான மரத்தில் ஒரு சட்டம் அடித்தார். அதன் முன்னும் பின்னும் மேசனைட் பலகையை ஒட்டினார். மேசனைட் என்றதும் ஏதோ வெளிநாட்டு விவகாரம் என்று நினைக்க வேண்டாம். கிளிப் வைத்த பரீட்சை அட்டையைக் கையில் பிடித்துத் தேர்வு எழுதப் போன எல்லோருக்கும் அது தெரியும். மரநாரை அழுத்திச் செய்த அதே பழுப்புப் பலகைதான். ஓரத்தில் பலகையின் வெட்டு தெரியாமலிருக்க ஒரு ரெக்ஸின் பட்டை. உள்ளே பெரும்பாலும் வெற்றிடம். தந்திகள் தலைப்பக்கம் உட்காரும் பள்ளக்கட்டை அலுமினியம். கீழே குதிரை ஒரு சின்ன ரோஸ்வுட் துண்டு, அதைத் தாங்க ஒரு தகடு.

பிக்கப்தான் இந்தக் கதையின் வில்லன், கதாநாயகன் இரண்டும். டேனியல் ஒரு காந்தக் கட்டையைச் சுற்றித் தாமிரக் கம்பிச் சுருள் போட்டு, நாடா சுற்றி, முலாம் பூசிய லிப்ஸ்டிக் குழாய்க்குள் நுழைத்துவிட்டார். உருவகம் அல்ல, நிஜமான லிப்ஸ்டிக் குழாய். அழகுசாதனக் கம்பெனிகளுக்குக் குழாய் செய்து தருபவர்களிடமிருந்து வாங்கியது. பளபளப்பான உறை மலிவாகக் கிடைத்தது, வெளி இரைச்சல் உள்ளே வராமல் உலோகம் தடுத்தது, பார்ப்பதற்கும் அழகு. ஒரே கல்லில் மூன்று மாங்காய்.

இந்த மடலை எழுதுபவரின் கூடத்தில் இருப்பது 1959-ஆம் ஆண்டு மாடலின் மறுவார்ப்பு. கறுப்பு உடம்பு, இரண்டு கொம்புகள், வெள்ளைப் பட்டை, கோக் பாட்டிலை நினைவூட்டும் தலை. அசல் நியூஜெர்சிக் கிதாரல்ல. கம்பெனி மூடிப் பல ஆண்டுகள் கழித்து, 1990-களின் பிற்பகுதியில் பெயரை வாங்கிய கலிஃபோர்னியா நிறுவனம் முதலில் கொரியாவிலும் பின்பு சீனாவிலும் செய்து விற்கும் வகை. பழமைப் பித்தர்கள் முகம் சுளிப்பார்கள். மடல்காரரின் கட்சி வேறு: மலிவுக்காகவே பிறந்த கிதாரை அருங்காட்சியக விலைக்கு வாங்குவதுதான் நேதன் டேனியலுக்குச் செய்யும் துரோகம். தவிர, புதியதில் கழுத்து வளைந்தால் திருகிச் சரிசெய்ய உள்ளே கம்பி உண்டு. பழையதில் அந்த வசதி கிடையாது.

கையில் எடுத்தால் முதலில் வியப்பு அதன் எடை. இல்லவே இல்லை என்று சொல்லலாம். ஸ்ட்ராப் மாட்டி இரண்டு மணி நேரம் நின்று வாசித்தாலும் தோள் நோகாது. ஒலி எப்படி? கணீர் என்று தொடங்கிச் சட்டென்று காற்றில் கரையும். நடுத்தர அலைவரிசை கொழுக்காது. மேலே ஒரு மினுமினுப்பு, கீழே கொஞ்சம் பொந்து. இரண்டு பிக்கப்பில் ஒன்று மட்டும் வேலை செய்யும்போது மெலிந்த குரல். பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்சை நடுவில் வைத்தால் கதை மாறும். பெரும்பாலான கிதார்களில் இரு பிக்கப்பும் சேரும்போது இணைச்சுற்றாக ஓடும். டேனியல் அவற்றைத் தொடர்ச்சுற்றாக இணைத்தார். அதனால் நடுநிலையில் ஒலி திடீரென்று தடித்து, சத்தமும் கூடிவிடும். ஆம்ப்ளிஃபையர் லேசாக உறுமத் தொடங்கும் இடம் அதுதான். இதை வாங்கிய எவரும் ஸ்விட்சை மற்ற இரண்டு இடங்களில் அதிகநேரம் வைத்திருப்பார்கள் என்று தோன்றவில்லை.

குறைகளும் சொல்ல வேண்டும். மரத்துண்டுக் குதிரை ஆறு தந்திக்கும் ஒன்றே. ஒவ்வொரு தந்தியின் நீளத்தையும் தனித்தனியே நுணுக்கமாகத் திருத்த வழியில்லை. மேல் ஸ்தாயியில் ஒரு தந்தி சுத்தமாக நின்றால் இன்னொன்று கொஞ்சம் நழுவும். சத்தத்தை ஏற்றினால் உள்ளீடற்ற உடம்பு ஸ்பீக்கரோடு சேர்ந்து வீறிடும். கச்சிதம் வேண்டுபவர்கள் வேறு கடைக்குப் போகலாம்.

இந்தப் பரீட்சை அட்டைக் கிதாரின் வாடிக்கையாளர் பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். சியாட்டிலில் பதின்பருவத்து ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் தன் முதல் எலெக்ட்ரிக் கிதார் திருடுபோனபின் வாசித்தது ஒரு டேன்எலெக்ட்ரோ; அதற்குப் ‘பெட்டி ஜீன்’ என்று பெயரும் வைத்தார். நாஷ்வில்லில் ஆறு தந்தி டேன்எலெக்ட்ரோ பேஸ் கிதாரை உள்ளங்கையால் அமுக்கி, பெரிய பேஸோடு ஒட்டி வாசிப்பார்கள். ‘டிக்-டாக்’ என்றே அதற்குப் பெயர். 1968-இல் கிளென் கேம்ப்பெல் பாடிய ‘விச்சிட்டா லைன்மேன்’ பாட்டின் நடுவே வரும் ஆழ்ந்த கிதார், பேஸ் கலைஞர் கேரல் கேயிடம் அவர் இரவல் வாங்கி வாசித்த டேன்எலெக்ட்ரோ. சியர்ஸ் 1960-களில் ‘சில்வர்டோன்’ என்ற தன் பெயரில் விற்ற மாடலில் பெட்டியின் மூடிக்குள்ளேயே ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் பொருத்தியிருந்தார்கள். 70 டாலருக்குள் கிதார், பெட்டி, ஆம்ப்ளிஃபையர் மூன்றும் வீட்டுக்கு வந்துவிடும். அமெரிக்கக் கார் ஷெட்டுகளில் எத்தனை பாட்டுக் குழுக்கள் அந்தப் பெட்டியிலிருந்து கிளம்பின என்று கணக்கெடுக்க முடியாது.

தமிழ்க் காதுக்கு நெருங்கிய அத்தியாயம் 1967-இல் வருகிறது. ஜார்ஜ் ஹாரிசன் பீட்டில்ஸ் பாட்டில் சிதார் வாசித்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் கோடையில் மான்டரே இசை விழாவில் ரவிசங்கர் வாசித்தார். ஒலிப்பதிவுக் கூடங்களில் எல்லோருக்கும் சிதார் ஒலி வேண்டும். சிதாரைப் பிடித்து உட்காரக்கூட யாருக்கும் தெரியாது. நியூயார்க் ஸ்டூடியோ கிதார் கலைஞர் வின்சென்ட் பெல், ஏற்கெனவே டேனியலோடு சேர்ந்து பன்னிரண்டு தந்திக் கிதார் ஒன்றை வடிவமைத்தவர். இம்முறை இருவரும் உருவாக்கியது கோரல் எலெக்ட்ரிக் சிதார். வாசிப்பது கிதார் போலவே ஆறு தந்தியில். உடம்பின் மேல் பக்கவாட்டில் 13 சின்னத் தந்திகள் தனியே அதிர்வதற்கு.

ஆனால் சூட்சுமம் அந்தப் பதின்மூன்றிலும் இல்லை, குதிரையில் இருக்கிறது. சாதாரணக் கிதாரில் தந்தி கூர்மையான ஒரு விளிம்பில் நிற்கும். பெல்லின் குதிரை அகலமானது, ஏறக்குறையத் தட்டையானது. தந்தி அதிரும்போது அந்தப் பரப்பைத் தொட்டுத் தொட்டு விலகும். ஒவ்வொரு தொடுகையிலும் மேல் இசைகள் கிளம்பும். தஞ்சாவூர்த் தம்புராவின் குதிரைமேல் தந்திக்கு அடியில் நூல் வைத்து, ஜீவாளி சரியாக உட்காரும்வரை நகர்த்திப் பார்ப்பவர்களுக்கு இது புதிய விஞ்ஞானம் அல்ல. நூலின் இடம் ஒரு மயிரிழை மாறினாலும் ரீங்காரம் செத்துவிடும் என்பதை அவர்கள் அறிவார்கள். அதே நூலைச் சாதாரண டேன்எலெக்ட்ரோவின் ஒடுங்கிய மரக்குதிரையில் வைத்தால் ஒலி மங்கும், அவ்வளவுதான். ரீங்காரத்துக்கு அகலம் வேண்டும். பெல் அதைத்தான் பிளாஸ்டிக் யுகத்துக்கு ஏற்றபடி செய்தார்.

உண்மையான சிதார்போல அது ஒலித்ததா என்றால், இல்லை. பாப் பாட்டுக்கு அது போதுமானதாக இருந்தது. சில பாட்டுகளில் சிதாரைவிடப் பொருத்தம். லெமன் பைப்பர்ஸ் குழுவின் ‘கிரீன் டம்போரின்’ பாட்டில் பெல்லே வாசித்தார். 1968 தொடக்கத்தில் அது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ஸ்டீவி வொண்டரின் 1970-ஆம் ஆண்டுப் பாட்டு ‘சைன்டு, சீல்டு, டெலிவர்டு’ தொடங்குவதே அந்த நசநசத்த ஒலியில். 1972-இல் ஸ்டீலி டான் குழுவின் ‘டூ இட் அகெய்ன்’ பாட்டில் டென்னி டயஸ் வாசிக்கும் எலெக்ட்ரிக் சிதார், மடல்காரரின் எண்ணத்தில், இந்த வகையின் உச்சம்.

கம்பெனி அதற்குள் இல்லாமல் போயிருந்தது. 1966-இல் எம்.சி.ஏ என்ற பெரிய நிறுவனம் அதை வாங்கியது. 1969-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. நேதன் டேனியல் பிறகு ஹவாய்க்குப் போய்விட்டார், 1994-இல் காலமானார்.

அவருடைய கிதாருக்கு மிகப் பெரிய விளம்பரம் கம்பெனி மூடிய பிறகுதான் கிடைத்தது. லெட் ஸெப்பலின் குழுவின் ஜிமி பேஜ் 1970-களின் மேடைகளில் ‘காஷ்மீர்’ வாசிக்கக் கையில் எடுத்தது கறுப்பு டேன்எலெக்ட்ரோ. தந்திகளை அவர் வழக்கமான முறையில் வைக்கவில்லை. கீழிருந்து மேலாக டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்று சேர்த்தார். மொராக்கோவில் ஊத் வாத்தியக்காரர்களோடு பழகிய ஆங்கிலேயர் டேவி கிரகாம் 1960-களில் பிரபலமாக்கிய முறை அது. டி-யை ஷட்ஜமமாக வைத்துப் பாருங்கள்: ச, ப, ச, ம, ப, ச. மேற்கத்தியக் கிதார் நூல்கள் மர்மமான திறந்த சுருதி என்று வர்ணிப்பதை நம் ஊர்ப் பாட்டு வாத்தியார் கேட்டால் சிரித்துவிடுவார்.

மெலிந்த ஒலியுள்ள இந்தக் கிதாருக்கு இந்தச் சுருதி பொருந்துவதற்குக் காரணம் எளிது. கனத்த கிதாரில் ஆறு தந்தியும் ஒன்றாக ஒலித்தால் கீழ் ஸ்வரங்கள் குழம்பும். லிப்ஸ்டிக் பிக்கப்பில் ஒவ்வொரு தந்தியும் தனித்துக் கேட்கும். ஸ்விட்ச் நடுவில், சத்தம் அளவோடு. முதல் தந்தியில் ஆலாபனை, மற்றவை பின்னால் சுருதி பிடிக்கும். சென்னையிலோ கோவையிலோ சாதாரணக் கிதார் வைத்திருப்பவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். காம்போதி ராகத்துக்கு அப்படியே போதும். மோகனத்தில் மத்தியமம் கிடையாது. மூன்றாம் தந்தியை அரைப்படி இறக்கினால் அந்தர காந்தாரம் ஆகிவிடும், உறுத்தல் தீரும். ஹிந்தோளத்துக்குப் பஞ்சமமே ஆகாது. தம்புராவில் பஞ்சமக் கம்பியை மத்தியமத்துக்கு இறக்குவதுபோல இரண்டு ஏ தந்திகளையும் ஒரு படி இறக்க வேண்டும். அப்போது இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே மத்தியமத்தில் நிற்கும். இரண்டில் ஒன்றை மயிரிழை தளர்த்திவிட்டால் தம்புராவின் சாரணிகள்போல் மெல்ல அலையடிக்கும்.