பாதை யாருக்கு?

இலங்கை சென்றிருந்தேன். பிறர் ஓட்டப் பின்னே சாய்ந்து ஊர் பார்த்தவனல்லன். நம் நாட்டு உரிமத்தைக் காட்டி, அந்நாட்டு அனுமதியும் பெற்று, நானே காரோட்டினேன். அங்கும் இடப்புறமே செல்லவேண்டும். ஏரியூர்–நாகமரைச் சாலையில் பழகிய கைக்குத் தடுமாற்றம் ஏது!

முதலில் விரைவுச்சாலை. கொழும்பையடுத்த கொட்டாவையிலிருந்து காலி வரை 2011 இல் திறக்கப்பட்டது. அந்நாட்டின் முதல் விரைவுச்சாலை. மணிக்கு 100 கிலோமீட்டர் செல்லலாம். முச்சக்கர வண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அனுமதியில்லை. அதாவது, ஏழைக்கு இடமில்லை. அவ்வளவுதான் அதன் கதை.

ஏ-9 நெடுஞ்சாலை அப்படியன்று, தோழர்களே! கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் அச்சாலை, போரினால் பன்னாள் அடைபட்டு, 2002 இல் திறந்து, 2006 இல் மீண்டும் மூடி, 2009 க்குப் பின் திறந்தது. இன்று வழுவழுப்பான தார். விரைந்து செல் என்கிறது. நானோ தம்புள்ளை தாண்டியதும் வேகத்தைக் குறைத்தேன், காவலருக்கு அஞ்சியல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில், கங்காணிகள் திரட்டிய நம்மவர் தோணியேறி, மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்த திசை அது. காப்பித் தோட்டத்தைக் காணுமுன்னரே காலராவிலும் பசியிலும் வழியில் மடிந்தோர் எத்தனை ஆயிரம்! தலைவிதி என்றனர் ஊரில். விதியா விரட்டிற்று? வறுமையும் சாதியுமன்றோ!

மூன்றாவது, நுவரெலியாவுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாதை. முதல் கியரிலே ஏறி, முதல் கியரிலே இறங்கவேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிக் கைவிடும். துரையின் பங்களா வரையில் தார். அதற்கப்பால் தொழிலாளர் லயத்துக்குக் கல்லும் குழியும். அங்கு வாழ்ந்தோரின் குடியுரிமையைத்தான் 1948 இல் ஒரு சட்டம் பறித்தது. 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் அமர்ந்து, இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் எனப் பங்கிட்டனர். மூட்டைகளா அவர்கள்?

லயத்து முதியவர் ஒருவர் என் ஊரைக் கேட்டார். சொன்னேன்.

"அங்கே மலையூருக்கெல்லாம் கார் போகுமா, தம்பி?"

எங்கள் பென்னாகரம் தொகுதியின் கோட்டூர் மலைக்கு, 2021 தேர்தலில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில் ஏறிய செய்தியைக் கூறினேன். அவர் சிரிக்கவில்லை.

"ஓட்டுப் பெட்டிக்குக் கழுதை கிடைத்தது. நோயாளிக்கு?"

"தொட்டில் கட்டித் தோளில் சுமந்தார்கள், ஐயா" என்றேன்.