புளியமர நிழலும் பொன்னிறப் பானமும்

பழைய சாலைகளுக்கென்று ஒரு முகம் இருந்தது. புதுச்சேரியில் புறப்பட்டு, திண்டிவனம், செஞ்சி, கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலை, ஊத்தங்கரை வழியே கிருஷ்ணகிரி சேர்ந்த நெடுஞ்சாலை அத்தகையது. அந்நாளில் அதன் எண் 66. திண்டிவனம் முதல் கிருஷ்ணகிரி வரையுள்ள பகுதிக்கு இன்று எண் 77. இருமருங்கும் எண்ணிடப்பட்ட புளியமரங்கள். ஆண்டுதோறும் அவற்றின் காய்ப்பை ஏலம் விடுவார்கள். மஞ்சள் தலை கொண்ட மைல் கற்கள். நிலக்கடலை மூட்டையோடு ஏறும் உழவர்கள். தொலைவில் நீலமாய்த் தோன்றும் அண்ணாமலை. சாலை அகலமாயிற்று, நிழல் குறுகிற்று.

குருமாணவராய் இருந்த நாள்களில் நாம் இச்சாலை வழியாகத்தான் பெங்களூருக்குச் சென்று வந்தோம். அங்கே ஒரு விடுமுறை நாளில், தோழர் சிலரோடு பீர் ஆலையொன்றைச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. ஊறவைத்து முளைகட்டிய பார்லியை உலர்த்தி, பொடித்து, வெந்நீரில் கலந்து, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவை இட்டுக் காய்ச்சி, ஆறியபின் ஈஸ்ட் சேர்த்து நொதிக்க விடுகிறார்கள். வறுத்த தானியத்தின் மணம் இன்றும் நினைவில் நிற்கிறது. மாவு புளித்து அப்பமாகும் அதே விந்தையன்றோ இது என்று வியந்தோம்.

தென்னாட்டில் இத்தொழில் பழமையானது. நீலகிரியிலும் பெங்களூரிலும் ஆங்கிலேயப் படையினருக்காகத் தழைத்த ஆலைகளில் ஐந்தை இணைத்து, 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தை அமைத்தார். கடல் கடந்தால், பெல்ஜியத்தின் வெஸ்ட்மல்லே மடத்தில் டிராப்பிஸ்ட் துறவிகள் 1836 முதல் பீர் காய்ச்சி வருகிறார்கள். வருவாய் மடத்தின் பிழைப்புக்கும் அறப்பணிக்கும் போகிறது. அவர்கள் பின்பற்றும் புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கு, 40-ஆம் அதிகாரத்தில், துறவிக்கு நாளொன்றுக்கு ஒரு சிறு அளவு திராட்சை இரசம் போதும் என்கிறது. முற்றும் தவிர்க்க வல்லவருக்குத் தனிப் பரிசு உண்டு என்றும் சேர்த்துரைக்கிறது.

ஆலையின் வாயில் வரை எல்லாம் ஒழுங்குதான். வாயிலைக் கடந்து நெடுஞ்சாலையில் ஏறியபின் அப்பானத்துக்கு என்ன நேர்கிறது? அதைப் பங்குப் பணியில்தான் கற்றோம். கூலி வாங்கிய சனிக்கிழமை மாலை, அடுப்பு மூட்டாமல் கணவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கு மூலப்பொருளின் மணம் தெரியாது. சாலையோரம் அடிபட்டுக் கிடந்தவரைப் புதைத்துத் திரும்பும் பிள்ளைகளுக்குத் தொழிலின் தொன்மையும் தேவையில்லை.

நம் மாநிலம் செய்து பார்க்காததில்லை. 1937-இல் சேலத்தில் இராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கினார். 1971-இல் அது தளர்ந்தது, மீண்டும் வந்தது, மீண்டும் போயிற்று. 2003-இல் அரசே சில்லறை விற்பனையை ஏற்றது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் ஆணையிட, 2017 ஏப்ரலில் தமிழகத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. பின் நிகழ்ந்தது என்ன? குடியிருப்புகளுக்குள் கடைகள் நகர முயன்றன. பல ஊர்களில் பெண்கள் மறித்து நின்றார்கள். அவ்வாண்டு ஜூலையிலேயே, நகராட்சி எல்லைகளுக்கு அத்தடை பொருந்தாது என நீதிமன்றம் விளக்கிற்று.

அன்பர்களே, சட்டம் சாலைக்கும் கடைக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்தது. மடத்தின் ஒழுங்கோ கிண்ணத்தை அளந்தது. முன்னதை அளக்க நாடா போதும். பின்னதை அளக்க உள்ளம் வேண்டும். அந்த அளவை மடத்தில் ஒரு சமூகம் கூடிக் காத்தது. தனி மனிதனின் மன உறுதிக்கு மட்டும் அது விடப்படவில்லை. நம் ஊரில் குடிப்பவனை ஏளனம் செய்யவும் அவன் செலவில் குடிக்கவும் பலர் உண்டு. கைப்பிடித்து வீடு சேர்க்கவோ, மறுநாள் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவோ எத்தனை பேர்? வெட்டப்பட்ட புளியமரங்களை மீட்பது நம்மால் ஆகாது. ஒருவருக்கொருவர் நிழலாவது இன்றும் ஆகும்.